இரண்டு குதிரைகளின் நெடுவழி: 2 சிவி நண்பர்களின் உலகச் சந்திப்பு

சிட்ரோயன் 2 சிவி என்பது 1948ஆம் ஆண்டு பாரிசில் அறிமுகமாகி 1990 வரை உற்பத்தி செய்யப்பட்ட பிரெஞ்சுச் சிறுகார் ஆகும். இக்காரை வைத்திருப்போரின் சங்கங்கள் பல நாடுகளில் உள்ளன. அவை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடைக்காலத்தில், ஏதேனும் ஓர் ஐரோப்பிய நாட்டில் ஒன்றுகூடுகின்றன. ‘2 சிவி நண்பர்களின் உலகச் சந்திப்பு’ என்பது இக்கூட்டத்தின் பெயர். முதற்சந்திப்பு 1975இல் பின்லாந்து நாட்டின் கெயூரூ என்னும் சிற்றூரில் நடைபெற்றது.

பழைய கார்களுக்கான விழாக்கள் உலகில் ஏராளம். அவற்றுள் பலவற்றுக்குக் கார்கள் லாரியின் முதுகில் ஏறி வரும். துடைத்து மெருகேற்றி வரிசையாக நிறுத்துவார்கள். நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். மாலையில் கார் மீண்டும் லாரி ஏறிவிடும். 2 சிவி சந்திப்புக்கு வருகிறவர்களில் மிகப் பலர் அதே காரை ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கே சத்தமிடும் ஒரு வண்டியில் நாடு விட்டு நாடு போகும் இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது காரின் வரலாறு மட்டுமன்று. ஐரோப்பாவின் சாலைகளும் எல்லைகளும் திறந்ததும் மூடியதுமான வரலாறும் கூட.

உழவருக்காக எண்ணிய கார்

பெயரிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சு மொழியில் இதனை ‘தெ ஷெவோ’ என்பர். ‘இரண்டு குதிரைகள்’ என்பது பொருள். வண்டிக்கு இரண்டு குதிரைத்திறன்தான் என்று இதனை எண்ணிவிடக் கூடாது. பிரான்சில் கார்களுக்கு வரி விதிப்பதற்கென்று தனியே ஒரு குதிரைத்திறன் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் இது இரண்டு. உண்மையில் 1948ஆம் ஆண்டுக் காரின் திறன் 9 குதிரைகள். எஞ்சின் 375 சிசி. புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

சிட்ரோயன் நிறுவனம் 1934இல் கடனில் மூழ்கியது. அதற்குப் பெருமளவு கடன் கொடுத்திருந்த மிஷ்லின் டயர் நிறுவனம் பொறுப்பை ஏற்றது. புதிய நிர்வாகத்தில் முதன்மை இடத்துக்கு வந்த பியேர் ஷூல் பூலாஞ்சே, நாட்டுப்புறத்தில் இன்னும் குதிரை வண்டியையும் கைவண்டியையும் நம்பியிருந்த சிறு உழவர்களுக்காக ஒரு கார் வேண்டும் என்றார். அவர் பொறியாளர்களுக்குத் தந்த வரையறை புகழ்பெற்றது. நான்கு பேரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது. முட்டைக் கூடை ஏதோ விளம்பரப் பேச்சுப்போலத் தோன்றும். ஆனால் சந்தைக்கு முட்டை கொண்டுபோகிறவருக்கு அது அன்றாடக் கவலை. இந்தக் கடைசி நிபந்தனைதான் பிற்காலத்தில் இக்காரைப் பாலைவனம் வரை கொண்டு சென்றது.

1939இல் சோதனை வண்டிகள் 250 செய்யப்பட்டன. உடனே உலகப்போர் வந்தது. ஜெர்மானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு, சிலவற்றை மட்டும் மறைத்து வைத்தனர். பாரிசுக்கு மேற்கே லா ஃபெர்த்தே விதாம் என்ற இடத்தில் உள்ள நிறுவனத்தின் சோதனைத் தளத்தில், ஒரு களஞ்சியப் பரணிலிருந்து மூன்று வண்டிகள் 1994இல் வெளிப்பட்டன. அரை நூற்றாண்டு அங்கே தூசியில் கிடந்திருக்கின்றன.

1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் திரை விலகியபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். வண்டியோடு டின் திறக்கும் கருவியும் தருவார்களா என்று ஒருவர் கேட்டதாகச் சொல்வதுண்டு. வாங்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தொழிலுக்காக ஊர் ஊராய்ப் போக வேண்டிய கிராம மருத்துவர், மருத்துவச்சி, பாதிரியார், சிறு உழவர் ஆகியோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. 1990 வரை செய்யப்பட்ட 2 சிவி கார்கள் 38 இலட்சத்துக்கும் அதிகம்.

ஊர் எல்லையைத் தாண்டியது

பக்கத்து ஊர்ச் சந்தைக்கு என்று எண்ணிய வண்டியை உலகம் சுற்ற எடுத்துச் சென்றவர்கள் இளைஞர்கள். காரணம் எளிது: அவர்களால் வாங்க முடிந்த கார் இது ஒன்றே. இரண்டாம் கை வண்டி என்றால் இன்னும் மலிவு.

1953இல் ழாக் கோர்னே, ஆன்ரி லோஷோன் என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் கனடாவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான தியெரா தெல் ஃபுவேகோ வரை இக்காரில் சென்றனர். 367 நாள், 52,000 கிலோமீட்டர். வழியில் பொலிவியாவின் சாக்கால்தாயா மலையில் 5,400 மீட்டர் உயரத்துக்கு வண்டியை ஏற்றினார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்தில் மனிதருக்கே மூச்சுத் திணறும். 9 குதிரைத்திறன் எஞ்சினில் எத்தனை குதிரை மிஞ்சியிருக்கும் என்று இயற்பியல் படிக்கும் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து 1958 அக்டோபரில் ழாக் செகேலா, ழான் குளோத் போதோ என்ற இருவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். 1959 நவம்பரில் பாரிஸ் திரும்பியபோது ஓடிய தூரம் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டர், கடந்த நாடுகள் 50, பஞ்சர் 36. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கியர் பெட்டியின் எண்ணெய் ஒழுகிப் போக, வாழைப்பழத்தைப் பிசைந்து அடைத்து ஓட்டினார்கள் என்ற கதையை 2 சிவி அன்பர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கதை சுவையானதுதான். ஆனால் நெடும்பயணம் போக நினைப்பவருக்கு வாழைப்பழத்தைவிட அந்த 36 பஞ்சர்தான் பயனுள்ள செய்தி. செகேலா பின்னர் பிரான்சின் பெயர் பெற்ற விளம்பர வல்லுநர் ஆனார்.

தனியாள் துணிச்சலாக இருந்ததைக் கூட்டுப் பயணமாக மாற்றியது சிட்ரோயன் நிறுவனம். அதற்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1924-25இல் ஆப்பிரிக்காவின் குறுக்கேயும், 1931-32இல் ஆசியாவின் குறுக்கேயும் பின்சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை பூட்டிய வண்டிகளில் அது குழுக்களை அனுப்பியிருக்கிறது. ஆசியக் குழுவின் ஒரு பிரிவு பெய்ரூத்திலிருந்து புறப்பட்டு, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் காஷ்மீரின் ஸ்ரீநகர் வந்து, அங்கிருந்து கில்கித் மலைப்பாதையில் போனது. பாதை அகலம் போதாத இடங்களில் வண்டியைப் பிரித்துச் சுமந்து சென்று மறுபடி பூட்டினார்கள்.

1970 ஆகஸ்டில் நடந்தது பாரிஸ்–காபூல்–பாரிஸ் பயணம். 18 முதல் 30 வயது வரை உள்ள ஏறத்தாழ 1,300 இளைஞர்கள், 500க்கு நெருக்கமான வண்டிகள், ஒரு மாதத்தில் போக வர 16,500 கிலோமீட்டர். அந்தச் சாலையை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இஸ்தான்புல்லில் போஸ்பரஸ் பாலம் 1973இல்தான் திறக்கப்பட்டது. 1970இல் ஆசியக் கரைக்குப் போக எந்த வண்டியும் படகேற வேண்டும். ஆப்கானிஸ்தானில் ஹெராத்திலிருந்து கந்தகார் வரையுள்ள கான்கிரீட் சாலையைச் சோவியத் ஒன்றியம் போட்டுக் கொடுத்திருந்தது; கந்தகாரிலிருந்து காபூல் வரை அமெரிக்கா போட்டது. பனிப்போரின் இரு எதிரிகளும் போட்டியிட்டுப் போட்ட சாலைகளின் மேல் பிரெஞ்சு மாணவர்கள் துணிக்கூரைக் கார்களில் உருண்டு சென்றார்கள்.

1971இல் ஈரானின் பெர்செபோலிஸ் வரை ஒரு பயணம். 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜானிலிருந்து சகாராவின் தெனேரே மணற்பரப்பைக் கடந்து தூனிஸ் வரை இன்னொன்று. பிறகு வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1973இல் காபூலில் மன்னராட்சி வீழ்ந்தது. 1978இல் அங்கு மீண்டும் ஆட்சிக் கவிழ்ப்பு. 1979இல் ஈரானியப் புரட்சி. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. ஐரோப்பாவிலிருந்து தரைவழியே கிழக்கே போகும் அந்தப் பழக்கம் அத்தோடு நின்றது.

கெயூரூ, 1975

இதற்கிடையில்தான் 1975 கோடையில் பின்லாந்தில் முதல் உலகச் சந்திப்பு கூடியது. நிலப்படத்தை எடுத்துப் பார்த்தால் இடத்தேர்வு விந்தையாகப்படும். காரின் தாயகமான பிரான்ஸ் எங்கோ இருக்க, பின்லாந்து ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. பாரிசிலிருந்து புறப்பட்டவர் பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி, டென்மார்க், சுவீடன் எனச் சுற்றி வர வேண்டும். கிழக்கு ஜெர்மனி, போலந்து, சோவியத் ஒன்றியம் என்ற குறுக்குவழி சாதாரணப் பயணிக்குத் திறந்திருக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து டென்மார்க்குக்கு ஒரு படகு, டென்மார்க்கிலிருந்து சுவீடனுக்கு ஒரு படகு, ஸ்டாக்ஹோமிலிருந்து துர்க்குவுக்கு ஓர் இரவுப் படகு. இன்று டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் பாலம் 2000இல் வந்தது. சாலைத் தூரம் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஐந்து வகை நாணயம் மாற்ற வேண்டும்.

அதே கோடையில், ஆகஸ்ட் 1ஆம் தேதி, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 35 நாடுகளின் தலைவர்கள் கூடி ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே மக்கள் போக்குவரத்தை எளிதாக்குவதும் அதில் ஒரு பகுதி. இரண்டு கூட்டங்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மாநாட்டில் எழுதப்பட்ட அந்த வரிகள் நடைமுறைக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை, 2 சிவி சந்திப்புகள் பின்னாளில் நடந்த ஊர்களைக் கொண்டே ஓரளவு அளந்துவிடலாம்.

2009இல் சந்திப்பு செக் குடியரசின் மோஸ்ட் நகரில் நடந்தது; 2015இல் கோப்பர்நிக்கஸ் பிறந்த ஊரான போலந்தின் தோருன் நகரில். இரண்டுமே 1975இல் இரும்புத்திரைக்கு அப்பால் இருந்த ஊர்கள். மேற்கு ஜெர்மானியர் ஒருவர் அன்று தோருனுக்குக் காரில் போக விசாவும், எல்லையில் மணிக்கணக்கான சோதனையும் தாண்ட வேண்டும். 2015இல் எல்லைச் சாவடி இருந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். 1985இல் ஐந்து நாடுகள் ஷெங்கன் என்ற ஊரில் கையெழுத்திட்ட உடன்பாடு 1995இல் செயலுக்கு வந்து, 2007இல் போலந்து, செக் குடியரசு, சுலோவேனியா முதலிய நாடுகளுக்கு விரிந்ததன் பயன் அது. 2019இல் குரோவேஷியாவின் சமோபோரில் சந்திப்பு நடந்தபோது அந்நாடு இன்னும் ஷெங்கனில் சேரவில்லை; எல்லையில் கடவுச்சீட்டைக் காட்டித்தான் போனார்கள். சேர்ந்தது 2023 ஜனவரியில்.

இடையில் 2005இல் ஸ்காட்லாந்தின் கெல்சோ, 2011இல் பிரான்சின் சால்பிரி, 2013இல் ஸ்பெயினின் அல்கானிஸ், 2017இல் போர்த்துக்கலின் எரிசெய்ரா. எரிசெய்ரா அட்லாண்டிக் கரையில் உள்ள மீனவ ஊர். பின்லாந்திலிருந்து ஒருவர் அங்கு ஓட்டிப் போனால் ஒரு வழிக்கே 4,000 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 400 கிலோமீட்டர் என்றாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். 2021இல் சுவிட்சர்லாந்தின் தெலேமோனில் நடக்க வேண்டிய சந்திப்பு கொரோனாவால் தள்ளிப்போய் 2023இல் நடந்தது. எல்லைகள் மறைந்துவிட்டன என்று நினைத்திருந்த ஒரு தலைமுறை, 2020இல் ஒரே வாரத்தில் அவை திரும்பி வந்ததைக் கண்டது.

வழியில்

இவ்வளவு தூரம் பழைய கார் தாங்குமா என்ற கேள்விக்கு விடை அதன் அமைப்பில் இருக்கிறது. எஞ்சின் காற்றால் குளிர்வது. தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. ஆகவே கோடையில் கொதித்து நிற்பதும் குளிரில் உறைந்து வெடிப்பதும் இல்லை. இரண்டே சிலிண்டர், கிடைமட்டமாக எதிரெதிரே. முன்சக்கரமும் அதே பக்கத்துப் பின்சக்கரமும் வண்டியின் அடியில் உள்ள ஒரே சுருள்வில் உருளையோடு இணைக்கப்பட்டிருப்பதால், பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போதே பின்பக்கம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். முட்டைக் கூடையின் இரகசியம் இதுதான். திருப்பத்தில் வண்டி கவிழ்ந்துவிடும்போலச் சாயும். பார்ப்பவர் பதறுவார், ஓட்டுபவர் பழகியிருப்பார்.

முன்பக்க மட்கார்டைச் சில போல்ட்டுகளைத் தளர்த்திக் கழற்றிவிடலாம். கதவைத் தூக்கி எடுத்துவிடலாம். இருக்கைகள் வெளியே வந்து மரத்தடியில் நாற்காலியாகும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியே சக்கர நட்டையும் கழற்றும். ஆரம்பகால வண்டிகளில் கண்ணாடி துடைப்பான் வேகமானியின் கம்பியோடு இணைந்து ஓடும். மழை கொட்டும்போது மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகவே துடைக்கும். இதைச் சிக்கனத்தின் உச்சம் என்று பாராட்டலாம், அபாயம் என்றும் சொல்லலாம். ஆல்ப்ஸ் மலையில் மழையில் ஓட்டியவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

1970 முதல் வந்த 602 சிசி எஞ்சினுக்குச் சுமார் 29 குதிரைத்திறன். சந்திப்புகளுக்கு நெடுந்தூரம் ஓடி வருபவற்றில் பெரும்பாலானவை இவ்வகையே. லாரிகள் விரட்டும் விரைவுச்சாலையை விட்டு ஊர்களுக்குள் நுழைந்து போகும் பழைய சாலைகளையே பலரும் விரும்புகிறார்கள். நான்கைந்து வண்டிகள் சேர்ந்து போவது வழக்கம். ஒன்று நின்றால் மற்றவை நிற்கும். கிளட்ச் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி, பிளக், மின்விசிறிப் பட்டை என்று ஒரு சிறு பெட்டி எல்லா வண்டியிலும் இருக்கும்.

காகிதங்களையும் மறந்துவிடக் கூடாது. வரலாற்று நூல்கள் சாகசத்தைப் பேசும் அளவுக்கு இவற்றைப் பேசுவதில்லை. ஒரு நாட்டில் பதிவான காரை இன்னொரு நாட்டில் ஓட்ட அனுமதிக்கும் ஏற்பாடு 1926, 1949, 1968 ஆகிய ஆண்டுகளின் பன்னாட்டு உடன்படிக்கைகளால் வந்தது. பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் அவற்றின் விளைவு. விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்க ‘பச்சை அட்டை’ என்ற காப்பீட்டுச் சான்று 1953இல் நடைமுறைக்கு வந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா செல்பவர்களுக்கு மேலும் ஒன்று தேவைப்பட்டது: ‘கார்னே’ எனப்படும் சுங்கக் கையேடு. காரைக் கொண்டுபோன நாட்டில் விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கு மோட்டார் சங்கம் ஒன்று அளிக்கும் உத்தரவாதம் அது. ஒவ்வோர் எல்லையிலும் நுழைவுக்கு ஒரு முத்திரை, வெளியேற்றத்துக்கு ஒரு முத்திரை. வெளியேற்ற முத்திரை விடுபட்டால் காரின் விலைக்கு மேலும் கட்ட நேரிடலாம். இன்றும் ஈரான் போன்ற நாடுகளுக்கு இக்கையேடு வேண்டும்.

கூடும் இடத்தில்

சந்திப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளி. ஆயிரக்கணக்கான கார்களும் அவற்றின் அருகே கூடாரங்களும். ஐந்தாறு நாள் அங்கேயே தங்கல், சமையல், பாட்டு. உதிரி பாகச் சந்தை ஒன்று கட்டாயம் இருக்கும். பலர் பாதிப் பயணத்தை அதற்காகவே செய்கிறார்கள். எஞ்சினைக் கழற்றி மீண்டும் பூட்டும் போட்டிகளும் நடப்பதுண்டு. அடுத்த சந்திப்பு எந்த நாட்டில் என்பதைச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடித் தீர்மானிக்கிறார்கள்.

ஒரே காருக்கு அங்கே எத்தனை பெயர்கள் என்று கேட்பதே ஒரு பாடம். ஜெர்மானியர் இதனை ‘வாத்து’ என்பர். டச்சுக்காரர் ‘அசிங்க வாத்துக் குஞ்சு’ என்பர். பின்லாந்தில் ‘கந்தல் சிட்ரோயன்’. துணிக்கூரையைச் சுட்டும் பெயர். சுலோவேனியாவிலும் குரோவேஷியாவிலும் ‘ஸ்பாச்செக்’. விகாரமான சின்ன உரு என்று பொருள்படும். ஒரு நாட்டிலும் மரியாதையான பெயர் இல்லை.

இன்றைய நிலை

கடைசி 2 சிவி 1990 ஜூலை 27 அன்று போர்த்துக்கலின் மங்குவால்தே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. ஆக, இருப்பதில் மிக இளைய வண்டிக்கே முப்பது வயது தாண்டிவிட்டது. முப்பது என்பது முக்கியமான எண். 1966இல் பாரிசில் தொடங்கப்பட்ட பழைய வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, முப்பது ஆண்டு நிறைந்த, மூலநிலையில் பேணப்படும் வண்டியையே வரலாற்று வாகனம் என்கிறது. பல நாட்டுச் சட்டங்களும் இந்த எல்லையை ஒட்டியே சலுகை தருகின்றன.

அச்சலுகை இப்போது உயிர்நாடி ஆகிவிட்டது. 2008இல் பெர்லின் உள்ளிட்ட ஜெர்மன் நகரங்களும், பின்னர் பாரிசும், 2019இல் லண்டனும் புகை மிகுந்த வண்டிகளைத் தம் நடுப்பகுதிக்குள் கட்டுப்படுத்தத் தொடங்கின. ஜெர்மனியில் 1997 முதல் வழங்கப்படும் வரலாற்று வாகனப் பதிவு எண் இருந்தால் விலக்கு உண்டு. லண்டனில் விலக்குக்கு நாற்பது வயது ஆக வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறு, நகரத்துக்கு நகரம் வேறு. ஐந்து நாடு கடந்து வருபவர் முன்பு நாணயத்தையும் முத்திரையையும் எண்ணியதுபோல இப்போது இந்த விதிகளைப் பட்டியலிட்டுக்கொண்டு புறப்படுகிறார். இதில் நகரவாசிகள் பக்கமும் நியாயம் உண்டு. 2 சிவி பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும். ஆனால் அதன் புகையைச் சுத்திகரிக்க அதில் எந்தக் கருவியும் இல்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டி என்பதுதான் அன்பர்களின் வாதம்.

2020 முதல் பிரான்சில் பழைய கார்களின் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்துவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. 2 சிவியைச் சாலையில் வைத்திருக்க இதுவே வழி என்போரும், எஞ்சின் போனால் அது 2 சிவியே அல்ல என்போரும் இருக்கிறார்கள். ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் தெளிவு: பேட்டரியில் ஓடும் 2 சிவியில் அடிக்கொரு தரம் மின்னேற்ற நிற்காமல் நாளுக்கு 400 கிலோமீட்டர் போவது கடினம். துருப்பிடித்த சட்டத்துக்குப் பதில் துத்தநாகம் பூசிய புதிய சட்டமும், புதிதாக வார்த்த உதிரி பாகங்களும் இன்று சந்தையில் கிடைப்பதால், பழைய எஞ்சின்களை ஓடவைப்பது இப்போதைக்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை.

2025ஆம் ஆண்டுச் சந்திப்புக்குத் தெரிவான ஊர் சுலோவேனியாவின் போஸ்தொய்னா. சுண்ணாம்புக் குகைக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் கோப்பர் துறைமுகம் உள்ளது. யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்த காலத்தில், தோமோஸ் என்ற நிறுவனம் பிரான்சிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு கோப்பரில் 2 சிவி கார்களைப் பூட்டி விற்றுவந்தது. ‘ஸ்பாச்செக்’ என்ற பெயர் அந்த வட்டாரம் முழுவதும் பரவியது அங்கிருந்து புறப்பட்ட வண்டிகளோடுதான்.